வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா?

பள்ளிக்கூடத்துக் கமிட்டியில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி

தாமிரபரணியின் வடகரையில் அம்பாசமுத்திரம், தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் என்று சொன்னால் இந்த ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லுகிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். உளுந்து மாவைப் பிசைந்து, இடித்து, உருட்டி, வட்டமாக இட்டு உலர்த்தி எடுக்கும் இந்தத் தொழிலில் உழைக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். சுற்று வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்களும் நிறைய உண்டு. எவ்வளவு செய்தோம் என்ற கணக்குப்படிதான் கூலி. ஒரு பிற்பகல் வீணானால் அந்தப் பிற்பகலின் கூலியும் போயிற்று.

அப்படிப்பட்ட ஒரு தாயை மாதம் ஒரு முறை பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லுகிறது சட்டம். குழந்தையைக் கொண்டு போய் விடுவதற்காக அல்ல. “உங்கள் பையன் சரியாகப் படிப்பதில்லை” என்ற புகாரைத் தலை குனிந்து கேட்பதற்காகவும் அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தின் நிர்வாகத்தைக் கவனிப்பதற்காக! பள்ளி மேலாண்மைக் குழு என்பது அதன் பெயர். ஊரில் “பள்ளிக்கூடத்துக் கமிட்டி” என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

கூலியை விட்டுவிட்டு வந்து உட்காருகிற அந்தத் தாய் அங்கே என்ன கேட்க வேண்டும்? “என் குழந்தை வாசிக்கிறதா?” என்று கேட்கலாமா? கேட்க அவருக்கு உரிமை உண்டா? அவருக்கே எழுத்து தெரியாது என்றால்?

சட்டம் போட்ட நாற்காலி

குழந்தைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வி தரும் உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறியது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் படிப்பு உரிமை என்று சொல்லும் சட்டம் இது. இதன் 21-ஆம் பிரிவுதான் இந்தக் கமிட்டியைப் பற்றிப் பேசுகிறது.

உறுப்பினர்களில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பின்தங்கிய, நலிந்த பிரிவுகளைச் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் தொகைக்கு ஏற்ற இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022-ல் பள்ளிதோறும் கூட்டம் கூட்டிக் கமிட்டிகளைப் புதிதாக அமைத்தபோது, மொத்தம் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர் என்று ஏற்பாடு. 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு தொகை 24 ஆயிற்று. தலைவர் பெற்றோர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுகிறவர், தலைவர் அல்ல.

கமிட்டியின் வேலை என்ன? பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது; பள்ளி வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரித்துச் சிபாரிசு செய்வது; சர்க்கார் கொடுக்கும் மானியப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கமிட்டிக்கு வரும் தாயோ தகப்பனோ இத்தனை வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கூட இல்லை. பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தால் போதும். 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 100-க்குச் சுமார் 73 பேர். எழுத்து தெரியாதவர் வேண்டாம் என்று சட்டம் சொல்லியிருந்தால், தன் குழந்தையாவது படிக்க வேண்டும் என்று அதிகமாக ஏங்குகிற தாய்மாரே வெளியே நின்றிருப்பார்கள். சட்டம் எழுதியவர்கள் நல்ல காரியம் செய்தார்கள்.

மணலில் எழுதிய காலம்

பள்ளிக்கூடத்தை ஊரார் நடத்துவது நமக்குப் புதிது அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு டைரக்டரும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை. வாத்தியாருக்கு ஊரார் கொடுத்த நெல்லும் பணமும்தான் சம்பளம். குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். முன்னேறிய பையன் சட்டாம்பிள்ளையாகி மற்றப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னையில் ராணுவ அநாதைப் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த முறைகளைக் கண்டு, தம் பள்ளியில் கையாண்டு, சீமைக்கும் கொண்டு போனார். அங்கே அதற்கு “மதராஸ் முறை” என்றே பெயர் வந்தது. நம் சட்டாம்பிள்ளைக்குக் கப்பல் ஏறிய பெருமை உண்டு!

1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்க உத்தரவிட்டார். மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிக்கூடங்களும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கணக்கில் பெண் குழந்தைகள் மிகச் சொற்பம். திண்ணையில் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை.

பிறகு நிர்வாகம் மெல்ல மெல்ல ஊராரின் கையை விட்டுப் போயிற்று. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று வந்தன. 1920-ல் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின், ஆரம்பப் பள்ளிகள் பஞ்சாயத்து யூனியன்களின் பொறுப்புக்கு வந்தன. “ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி” என்ற பெயர்ப் பலகை அந்த நாளின் அடையாளம். 1981-ல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் நேரடியாக அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் உறுதியாயிற்று, அது வேண்டியதுதான். ஆனால் “இது நம்ம பள்ளிக்கூடம்” என்ற பேச்சு போய், “இது கவர்மெண்டு பள்ளிக்கூடம்” என்ற பேச்சு ஊருக்குள் வேரூன்றியது.

நடுவில் ஒரு நல்ல காலமும் இருந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். நிலம், பெஞ்சு, மணி, கடிகாரம், தட்டு என்று ஜனங்கள் தங்கள் சக்திக்கு ஏற்றபடி கொண்டு வந்து கொடுத்தார்கள். அப்போது ஊராரிடம் கேட்டது பொருள். இப்போது சட்டம் கேட்பது மேற்பார்வை. பொருளைக் கொடுத்துவிட்டுப் போவது சுலபம். மாதாமாதம் வந்து பார்ப்பதுதான் கஷ்டம்.

பெண்கள் பள்ளி நிர்வாகத்துக்கு வருவது வெளிநாட்டிலும் போராடிப் பெற்ற உரிமையே. இங்கிலாந்தில் 1870-ல் பள்ளி போர்டுகள் ஏற்பட்டன. அந்த வருஷமே லண்டன் போர்டுத் தேர்தலில் எலிசபெத் காரெட் என்ற டாக்டர் அம்மாளும் எமிலி டேவிஸ் என்ற பெண்மணியும் நின்று ஜெயித்தார்கள். பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போடும் உரிமை அந்நாட்டுப் பெண்களுக்கு முதன் முதல் கிடைத்தது 1918-ல்தான். பார்லிமெண்டுக்கு அரை நூற்றாண்டு முன்னரே பள்ளிக்கூடத்தின் கதவு அவர்களுக்குத் திறந்துவிட்டது!

சுவர் தெரியும், வாசிப்பு தெரியாது

சாதாரணமாகக் கமிட்டிக் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள்? சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது. கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை. மழை பெய்தால் வகுப்பறை ஒழுகுகிறது. இவையெல்லாம் அவசியமான விஷயங்கள்தான். கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் பெண் குழந்தையை எந்தத் தாய் நிம்மதியாக அனுப்புவாள்?

ஆனால் சுவரில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. குழந்தையின் வாசிப்பில் விரிசல் விழுந்தால் தெரிவதில்லை. வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். குழந்தை தினமும் பள்ளிக்கூடம் போகிறது. பாட்டைப் பாடுகிறது. புத்தகத்தைத் திறந்து வைத்து, வரியின் கீழே விரலை ஓட்டி, கணீரென்று பாடத்தைச் சொல்கிறது. அம்மாவுக்குப் பூரிப்பு. பல சமயம் அது வாசிப்பதில்லை, ஒப்பிக்கிறது. வகுப்பில் முப்பது குரல் சேர்ந்து சொன்னதைக் காது பிடித்துக்கொண்டது. கண்ணுக்கும் எழுத்துக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை.

இந்த ஏமாற்றம் மூன்றாம் வகுப்பில் வெளிப்படும். அது வரையில் குழந்தை வாசிக்கக் கற்கிறது; அதற்குப் பிறகு வாசித்துத்தான் மற்றதைக் கற்க வேண்டும். கணக்கும் எழுத்தில் வருகிறது, விஞ்ஞானமும் எழுத்தில் வருகிறது. வாசிக்கத் தெரியாத குழந்தை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, வருகைப் பதிவில் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

கொரோனா நோயின் காரணமாக 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஆரம்ப வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. எழுத்து படிய வேண்டிய வயதில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் போய்விட்டது. ‘ஏசர்’ என்ற கிராமப்புறக் கல்விக் கணக்கெடுப்பு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் 2018-ல் வாசித்தவர்கள் 100-க்குச் சுமார் 10 பேர். 2022-ல் 5 பேருக்கும் குறைவு. பிறகு நிலைமை தேறியது என்றாலும், 2018-ன் கணக்கே பெருமைப்படத் தக்கது அல்ல. நோய் வருவதற்கு முன்பே விரிசல் இருந்தது.

கல்லிடைக்குறிச்சிக்காரருக்கு இதை விளக்கக் கன்னடியன் கால்வாய் போதும். கால்வாயில் தண்ணீர் திறந்த உடனே தலைமடை வயல் நிரம்பிவிடும். அதைப் பார்த்து, பாசனம் ஆகிவிட்டது என்று எந்த விவசாயியும் வீட்டுக்குப் போக மாட்டார். கடைமடைக்குத் தண்ணீர் ஏறியதா என்றுதான் கேட்பார். வகுப்பில் முன் பெஞ்சுக் குழந்தை வாசிப்பதைக் கேட்டுவிட்டுக் கமிட்டி எழுந்து போகக் கூடாது. கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறதே ஒரு குழந்தை, அதற்கு எழுத்து போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

247 எழுத்தும் ஒரு கொம்பும்

தமிழ் எழுத்து 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இத்தனையையும் ஒரு பிஞ்சு எப்படி நினைவில் வைக்கும் என்று மலைக்க வேண்டாம். உயிரும் மெய்யும் தெரிந்து, கால், கொம்பு, சுழி முதலிய குறிகளின் சூட்சுமமும் பிடிபட்டால் மற்றவை தாமே வரும். ஆனால் அந்தச் சூட்சுமம் பிடிபடுவதில்தான் தாமதம். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. சொல்லும்போது ஓசை பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பெரியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு அது ஒரு பெரிய புதிர்.

அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகத் தொடங்குவது பழைய வழக்கம். எழுதச் சுலபமான ட, ப, ம போன்ற எழுத்துகளை முதலில் காட்டித் தொடங்குவது மற்றொரு முறை. இந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம் என்று உடனே சொல் வாசிக்கலாம். “நான் வாசித்துவிட்டேன்” என்ற சந்தோஷம் குழந்தைக்கு முதல் மாதத்திலேயே கிடைத்துவிடும். வீட்டில் பாட்டி, “இதென்ன, அ, ஆ சொல்லாமல் ட, ப, ம சொல்லித் தருகிறார்கள்?” என்று குறைப்பட்டுக்கொண்டால் சமாதானம் சொல்லுங்கள். அதே பாட்டி பள்ளிக்கூடம் போன காலத்தில் லை, னை போன்ற எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு இருந்தது. 1978-ல் சர்க்கார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது அது போயிற்று. எழுத்தே மாறியிருக்கும்போது சொல்லித் தரும் வரிசை மாறக் கூடாதா?

2022 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு “எண்ணும் எழுத்தும்” என்ற திட்டத்தைத் தொடங்கியது. 8 வயதுக்குள் குழந்தைக்குப் பிழையின்றி வாசிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் தெரிய வேண்டும். 2025-க்குள் அதைச் சாதிக்க வேண்டும் என்பது குறிக்கோள். முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு. மறு வருஷம் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. குழந்தைகளை அவர்கள் வகுப்பை மட்டும் பார்க்காமல், எழுத்து எவ்வளவு தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துச் சொல்லித் தரும் முறை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் உட்கார்ந்திருக்கும் நிலையில், வகுப்புக்கு ஒரு பாடம் நடத்து என்று சொல்வது நடக்கிற காரியமா? ஆசிரியரைக் குறை சொல்லத் தொடங்கும் முன் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

என்ன கேட்கலாம்?

“என் குழந்தை வாசிக்கிறதா என்று கேட்பது ஆசிரியரை அவமதிப்பது ஆகாதா?” என்று சிலருக்குத் தயக்கம். ஆகாது. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளில் இதையும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட வேண்டும். தேவையான குழந்தைக்குக் கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும். பெற்றோரை அவ்வப்போது கூட்டி, வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். ஆகையால் தாய் கேட்பது தயவு அல்ல, அவருக்குச் சேர வேண்டிய தகவல்.

கேட்கும் விதம் ஒன்று இருக்கிறது. இத்தனை குழந்தைகளில் அரும்பு நிலையில் எத்தனை பேர், சென்ற மாதம் எத்தனை பேர், எந்தக் குழந்தை இடத்தை விட்டு நகரவே இல்லை, அதற்கு என்ன செய்யப் போகிறோம் — இப்படித் தொகையைக் கேட்பது நல்லது. பெயரைச் சொல்லிச் சபையில் கேட்டால் அந்தக் குழந்தையின் தாய் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். ஆசிரியர் பக்கத்துக் குறையையும் கேட்க வேண்டும். ஜனத்தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இம்மூன்றைத் தவிர வேறு வெளிவேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 27-ஆம் பிரிவு. வேறு வேலைக்கு இழுக்கிறார்களா என்று கவனிப்பதும் கமிட்டிக்கு உரிய வேலை.

எழுத்து தெரியாத தாய் வீட்டில் தம் குழந்தையைச் சோதிக்க முடியுமா? முடியும். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். வீட்டில் கல்யாணப் பத்திரிகை ஒன்று இல்லாமல் இருக்காது. அதை எடுத்துக் கொடுங்கள். யாருக்குக் கல்யாணம், எந்த ஊர் மண்டபம், பத்திரிகையில் யார் யார் பெயர் என்பதெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும். குழந்தைக்குத் தெரியாது. மாப்பிள்ளை பெயரைத் தேடிச் சொல்லட்டும். பெரியப்பா பெயர் எங்கே என்று விரலை வைத்துக் காட்டட்டும். எழுத்துக் கூட்டி மெதுவாகச் சொன்னாலும் அது வாசிப்புதான். உங்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துச் சொன்னால், மறுநாள் பள்ளிக்கூடத்தில் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். குற்றம் குழந்தையுடையது அல்ல.

நெல்லைச் சீமையில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. தனியார் நிர்வாகத்தில் சர்க்கார் உதவி பெற்று நடக்கும் பள்ளிகள் இந்தப் பக்கம் அதிகம். 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோது, உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் கமிட்டி ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்று வைத்துவிட்டார்கள். ஆலோசனைதானே என்று அலட்சியம் வேண்டாம். சிறுபான்மையினர் அல்லாதார் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் 24-ஆம் பிரிவின் கடமை உண்டு; அங்கே படிக்கும் பிள்ளையின் தாயும் அதே கேள்வியைக் கேட்கலாம். பதிலே கிடைக்காமல் போனால், குழந்தையின் உரிமை பற்றிய குறையை உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்து மூலம் கொடுக்க 32-ஆம் பிரிவு வழி சொல்கிறது. மூன்று மாதத்துக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் என்று வைத்தால், அது வெயில் நன்றாகக் காயும் நேரம். அப்பளத்துக்கு உகந்த நேரம். அந்த நேரத்தை விட்டு வருகிறவருக்குக் கூலி யார் கொடுப்பார்கள்? ஒருவரும் கொடுக்க மாட்டார்கள். ஆகவே கூட்டத்தைச் சுருக்கமாகவும் உருப்படியாகவும் நடத்துவது தலைமை ஆசிரியரின் பொறுப்பு. டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, “இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா” என்று நோட்டை நீட்டி அனுப்பினால், அடுத்த மாதம் நாற்காலிதான் இருக்கும், ஆள் இருக்காது.

அந்த நோட்டில்தான் தீர்மானங்கள் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. “எனக்கு வாசிக்கத் தெரியாதே” என்று வெட்கப்பட வேண்டியதில்லை. கூட்டம் நடப்பது பள்ளிக்கூடத்தில். பக்கத்து அறையிலேயே மூன்றாம் வகுப்பு இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லலாம். குழந்தை வாசித்து முடித்த பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வைக்கலாம்.

குழந்தைக்கு வாசிக்க வரவில்லையா? அப்படியானால் நோட்டை மூட வேண்டாம். அன்றைக்கு எழுத வேண்டிய முதல் தீர்மானம் அதுதான்.